போர்டா, போரிங்கா? உணர்ச்சியைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களுக்கு முழுமையான வழிகாட்டி

நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்கூட முதல் வாரத்தில் ஒரு தடவையாவது ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’ என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது ‘நான் ரொம்பச் சுவாரசியமான ஆள்’ என்று தொடங்கி, பாதியில் தடம் மாறிய வாக்கியமாகக் கேட்கும். ‘ஐ ஆம் போரிங்’ இன்னும் மோசம். ‘எனக்குப் போரடிக்கிறது’ என்று நினைத்துச் சொன்னது ‘நான் ஒரு அறுவை’ என்று போய்ச் சேர்கிறது.

இதை ஒவ்வொரு வாக்கியமாகத் திருத்திப் பார்த்தேன், பயனில்லை. இன்று ‘போரிங்’ திருந்தினால் நாளை ‘எக்ஸைட்டிங்’ தவறாக வரும். பிழையின் வேர் ஆங்கிலத்தில் இல்லை, நாம் தமிழில் நினைக்கும் விதத்தில் இருக்கிறது. அதனால் தமிழிலிருந்தே தொடங்கி வரிசையாக வருவோம். இரண்டாம், மூன்றாம் படிகளைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்தால் பேசும்போது கைகொடுக்காது.

1. தொடங்கும் முன் தேவையானவை

‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ இந்த ஐந்தும் யாரோடு எது வரும் என்று தடுமாற்றமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பாடத்தில் காலத்தைக் காட்டும் வேலை முழுவதும் இவற்றின் தலையில்தான் விழுகிறது. ‘ஐ’யோடு ‘ஆம்’, ‘வாஸ்’ வரத் தயங்குபவர் ஒரு நாள் அதை மட்டும் பழகிவிட்டு வரட்டும்.

அப்புறம் ஒரு நோட்டு, அதில் 12 வினைச்சொற்கள்: போர், டயர், கன்ஃப்யூஸ், எக்ஸைட், இன்ட்ரஸ்ட், அமேஸ், ஷாக், சர்ப்ரைஸ், டிஸப்பாயின்ட், இரிட்டேட், சாட்டிஸ்ஃபை, வொரி. அன்றாடப் பேச்சுக்கும் அலுவலகத்துக்கும் இவையே பெரும்பாலும் போதும். ஐம்பது சொற்களோடு தொடங்குபவர்கள் மூன்றாம் நாள் நோட்டை மூடிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு வினைக்கும் இரண்டு பிள்ளைகள். கடைசியில் ஐ, என், ஜி எழுத்துகள் சேர்ந்தால் ‘போரிங்’. இதை ‘இங்’ வடிவம் என்கிறேன். கடைசியில் ஈ, டி சேர்ந்தால் ‘போர்டு’. இது ‘ஈடி’ வடிவம். நாம் எழுதும் கரும்பலகை போர்டும் இந்த போர்டும் எழுத்தில் வேறு, உச்சரிப்பில் ஒன்று.

2. வினையைப் பிறவினையாகப் படியுங்கள்

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். ‘நான் குழம்பினேன்’ தன்வினை, ‘அவன் என்னைக் குழப்பினான்’ பிறவினை. ஓர் எழுத்து மாறினால் யார் குழம்பியது, யார் குழப்பியது என்று தெரிந்துவிடுகிறது. அசந்துபோவது ஒருவர், அசத்துவது இன்னொருவர். மிரள்வதும் மிரட்டுவதும், மயங்குவதும் மயக்குவதும் இப்படித்தான்.

ஆங்கிலத்தில் ‘கன்ஃப்யூஸ்’ என்றால் குழப்பு என்றுதான் பொருள். குழம்பு என்பதற்கு அந்த மொழியில் அதுபோன்ற தனி வினை கிடையாது. நம் பட்டியலில் உள்ள சொற்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை, பிறவினை மட்டும் உள்ளவை. தன்வினையின் வேலையை ‘ஈடி’ வடிவத்தோடு ‘ஆம், இஸ், வாஸ்’ சேர்த்துச் செய்துகொள்கிறார்கள்.

எனவே நோட்டில் தமிழ்ப் பொருளைப் பிறவினையாகவே எழுதுங்கள். போர் என்றால் சலிப்பூட்டு, டயர் என்றால் களைப்பூட்டு, எக்ஸைட் என்றால் உற்சாகமூட்டு, இன்ட்ரஸ்ட் என்றால் ஆர்வமூட்டு, அமேஸ் என்றால் அசத்து. ஷாக் என்றால் அதிர்ச்சியூட்டு, சர்ப்ரைஸ் என்றால் வியப்பூட்டு, இரிட்டேட் என்றால் எரிச்சலூட்டு, சாட்டிஸ்ஃபை என்றால் திருப்தியளி. டிஸப்பாயின்ட் என்பதற்கு மட்டும் ‘ஏமாற்று’ என்று எழுதிவிடாதீர்கள். அது மோசடி செய்வதற்கான சொல், அதற்கு ஆங்கிலத்தில் ‘சீட்’ என்ற வினை இருக்கிறது. இங்கே ‘ஏமாற்றமளி’ என்பதே சரி.

‘எக்ஸைட் என்றால் உற்சாகம்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதிவைப்பவர்கள்தான் பின்னால் அதிகம் தடுமாறுகிறார்கள். உற்சாகம் என்ற சொல்லில் கொடுப்பவரும் இல்லை, பெறுபவரும் இல்லை. உற்சாகமூட்டு என்று எழுதினால் ஊட்டுவது எது, ஊட்டப்படுவது யார் என்ற கேள்வி தானாக வரும்.

இந்தப் படியை விட்டவர்கள் செய்யும் இன்னொரு பிழை: ‘ஐ ஷாக்ட்’, ‘ஐ சர்ப்ரைஸ்டு’ என்று ‘வாஸ்’ இல்லாமல் நிறுத்துவது. அப்படிச் சொன்னால் ‘நான் அதிர்ச்சியூட்டினேன்’ என்றாகிறது. யாருக்கு என்று கேட்பவர் காத்திருப்பார். ‘ஐ வாஸ் ஷாக்ட்’ என்றால்தான் அதிர்ச்சி நம் பக்கம் வரும்.

ஒரு விதிவிலக்கு. ‘வொரி’ இரண்டு வேலையும் செய்யும். ‘ஐ வொரி’ என்றால் நான் கவலைப்படுகிறேன், ‘இட் வொரிஸ் மீ’ என்றால் அது என்னைக் கவலைப்படச் செய்கிறது. ‘ரிலாக்ஸ்’ என்ற சொல்லும் அப்படியே.

3. தமிழ் வாக்கியத்தில் ‘க்கு’ எங்கே என்று தேடுங்கள்

முழுப் பாடத்தின் மையம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

‘எனக்கு போரா இருக்கு.’ ‘படம் போரா இருக்கு.’ இந்த இரண்டு வாக்கியங்களிலும் ‘போரா இருக்கு’ என்ற பகுதி அப்படியே ஒன்றாக இருக்கிறது. உணர்வது நான், காரணம் படம் என்ற வேறுபாட்டை ‘எனக்கு’ என்ற சொல்லில் உள்ள ‘க்கு’ மட்டுமே காட்டுகிறது. நான்காம் வேற்றுமை உருபு அந்தச் சுமையைத் தனியாகச் சுமக்கிறது. அதனால் நமக்குப் பெயரடையை, அதாவது ‘அட்ஜெக்டிவ்’ என்பதை, மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

ஆங்கிலத்தில் உணர்பவரும் ‘ஐ’ என்று எழுவாயாக வந்து உட்காருகிறார், காரணமும் ‘த மூவி’ என்று எழுவாயாக வந்து உட்காருகிறது. இருவரும் உட்காரும் நாற்காலி ஒன்றே. ‘க்கு’ கழன்றுவிட்டது. அப்படியானால் வேறுபாட்டை எங்கே காட்டுவது? சொல்லின் வாலில். கழன்றுபோன ‘க்கு’வின் வேலையை ‘ஈடி’ ஏற்றுக்கொள்கிறது.

எனவே செய்ய வேண்டியது இது. வாக்கியத்தைத் தமிழில் முழுமையாகச் சொல்லுங்கள். ‘க்கு’ ஒட்டிய ஆளை எழுவாயாக வைத்தால் ‘ஈடி’. ‘க்கு’ ஒட்டாத பொருளை எழுவாயாக வைத்தால் ‘இங்’. 

எனக்குப் பாடம் குழப்பமா இருக்கு: ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு’, அல்லது ‘த லெசன் இஸ் கன்ஃப்யூஸிங்’.
அம்மாவுக்கு ரிசல்ட் ஏமாற்றமா இருந்தது: ‘அம்மா வாஸ் டிஸப்பாயின்ட்டட்’, அல்லது ‘த ரிசல்ட் வாஸ் டிஸப்பாயின்ட்டிங்’.
அவனுக்கு கிரிக்கெட்டில் ஆர்வம்: ‘ஹி இஸ் இன்ட்ரஸ்டட் இன் கிரிக்கெட்’.

பேச்சில் நாம் ஆளையும் விட்டுவிடுவோம், பொருளையும் விட்டுவிடுவோம். ‘சே, ரொம்ப போரா இருக்கு’ என்றால் யாருக்கு, எது என்று இரண்டும் இல்லை. தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. காதில் ‘போரா’ மட்டும் இருக்கும், முன்னால் ஒரு ‘ஐ ஆம்’ சேர்த்துவிடுவார்கள். வாய் திறக்கும் முன் ‘யாருக்கு?’ என்று மனதுக்குள் ஒரு முறை கேட்பதே இதற்கு மருந்து. முதல் பத்து நாள் இது பேச்சின் வேகத்தைக் குறைக்கும். குறையட்டும்.

‘க்கு’ இல்லாமலும் உணர்பவர் எழுவாயாக வரும் தமிழ் வாக்கியங்கள் உண்டு: ‘நான் அசந்துபோனேன்’, ‘அவர் அதிர்ச்சியடைந்தார்’. அங்கே ‘ஊட்டும்’ பொருந்துகிறதா, ‘அடைந்த’ பொருந்துகிறதா என்று ஒட்டிப் பாருங்கள். எரிச்சலூட்டும் சத்தம், எரிச்சலடைந்த பயணி. அதிர்ச்சியூட்டும் செய்தி, அதிர்ச்சியடைந்த ஊர்மக்கள். ‘ஊட்டும்’, ‘அளிக்கும்’ பொருந்தினால் ‘இங்’. ‘அடைந்த’, ‘போன’ பொருந்தினால் ‘ஈடி’. செய்தித்தாள் தமிழில் இந்தச் சோடி நிறையக் கிடைக்கும். தினமும் இரண்டைப் பொறுக்கி ஆங்கிலத்தில் மாற்றிப் பார்க்கலாம்.

4. ‘ஈடி’ என்றால் இறந்தகாலம் என்ற எண்ணத்தைக் கழற்றிவைக்கவும்

மூன்றாம் படி நன்றாகப் புரிந்த பிறகும் சிலர் மறுபடி வழுக்குகிறார்கள். ஏனென்று கேட்டால் ஒரே பதில்: ‘சார், இப்போதானே போரடிக்குது, அப்புறம் எப்படி ஈடி போடறது?’

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பள்ளியில் ‘வாக்ட்’, ‘ப்ளேடு’ என்று ‘ஈடி’ முழுக்க இறந்தகாலமாகவும், ‘வாக்கிங்’, ‘ப்ளேயிங்’ என்று ‘இங்’ முழுக்க ‘கொண்டிருக்கிறேன்’ என்றும் மனதில் பதிந்துவிட்டது. அதனால் இப்போது நடக்கும் சலிப்புக்கு ‘இங்’ போடத் தோன்றுகிறது.

இங்கே அவை பெயரடைகள். ‘டால்’, ‘ஹேப்பி’ போன்ற சொற்களுக்கு எப்படிக் காலம் இல்லையோ, ‘போர்டு’, ‘போரிங்’ இரண்டுக்கும் அப்படியே காலம் இல்லை. காலம் முன்னால் நிற்கும் சொல்லில் இருக்கிறது. ‘ஐ ஆம் டயர்டு’ இப்போதைய களைப்பு. ‘ஐ வாஸ் டயர்டு’ நேற்றைய களைப்பு. ‘ஐ வில் பி டயர்டு’ நாளைய களைப்பு. ‘டயர்டு’ மூன்றிலும் அசையவில்லை. அதேபோல் ‘த ஜர்னி வாஸ் டயரிங்’ என்பதில் ‘இங்’ இருந்தாலும் பயணம் முடிந்துவிட்டது.

ஒரு சொல் பெயரடையா வினையா என்று சந்தேகம் வந்தால் முன்னால் ‘வெரி’ வைத்துப் பாருங்கள். ‘த மூவி இஸ் வெரி போரிங்’ பொருந்துகிறது, அது பெயரடை. ‘ஐ ஆம் வெரி வாக்கிங்’ பொருந்தவில்லை, அது வினை.

5. ஆளுக்கு எப்போதும் ‘ஈடி’ என்ற குறுக்குவழி வேண்டாம்

‘ஆள் என்றால் ஈடி, பொருள் என்றால் இங்’ என்று சிலர் சுருக்கிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதிதான் உண்மை. பொருளுக்கு உணர்ச்சி இல்லாததால் ‘த மூவி வாஸ் போர்டு’ எப்போதும் தவறு. பயிற்சி முடிந்ததும் எழுதித்தரும் கருத்துப் படிவத்தில் ‘த செஷன் வாஸ் வெரி இன்ட்ரஸ்டட்’ என்று எழுதுவதும் தவறு. வகுப்புக்கு எதிலும் ஆர்வம் வராது.

ஆனால் ஆளுக்கு இரண்டும் வரும். ஆள் உணரவும் செய்வார், பிறரை உணரவைக்கவும் செய்வார். ‘த டீச்சர் இஸ் போர்டு’ என்றால் ஆசிரியருக்கே சலித்துவிட்டது. ‘த டீச்சர் இஸ் போரிங்’ என்றால் நமக்குத்தான் சலிக்கிறது. ‘மை பிரதர் இஸ் இரிட்டேட்டட்’ என்றால் தம்பி கடுப்பில் இருக்கிறான், ‘மை பிரதர் இஸ் இரிட்டேட்டிங்’ என்றால் அவன் நம்மைக் கடுப்பேற்றுகிறான். இரண்டுமே சரியான ஆங்கிலம் என்பதால் இந்தப் பிழையை எந்தக் கைப்பேசித் திருத்தியும் உறுதியாகப் பிடித்துத் தராது.

முகம், பார்வை, குரல் போன்றவை பொருள்தானே என்று ‘இங்’ போடத் தோன்றும். உணர்பவரின் உணர்ச்சி அதில் தெரிகிறது என்றால் ‘ஈடி’தான்: ‘எ வொரிடு ஃபேஸ்’ கவலை படிந்த முகம், ‘எ டயர்டு வாய்ஸ்’ களைத்த குரல்.

6. எழுத்துச் சேர்க்கை

இது சிறிய படி. வினை ஈ எழுத்தில் முடிந்தால் ‘இங்’ சேரும்போது அந்த ஈ விழும்: போர், போரிங். ‘ஈடி’ சேரும்போது டி மட்டும் ஒட்டும். ஒய் எழுத்தில் முடியும் ‘வொரி’, ‘சாட்டிஸ்ஃபை’ இரண்டிலும் ‘ஈடி’க்கு முன் ஒய் ஐ ஆகும், ‘இங்’குக்கு முன் ஒய் அப்படியே நிற்கும். எரிச்சலூட்டுவதைச் சொல்லும் ‘அனாய்’ என்பதில் ஒய்க்கு முன் உயிரெழுத்து இருப்பதால் இரண்டிலும் மாற்றம் இல்லை. தர்மசங்கடத்தைச் சொல்லும் ‘எம்பேரஸ்’ என்பதில் ஆர் இரண்டு, எஸ் இரண்டு. மின்னஞ்சலில் இதில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

7. ‘ஆம், இஸ்’ தாண்டி நான்கு வினைகள்

எல்லாவற்றையும் ‘ஐ ஆம்’ என்றே சொன்னால் பேச்சு மரம்போல் இருக்கும். ‘ஃபீல், கெட், லுக், ஃபைன்ட்’ நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘ஃபீல்’ உள்ளே இருக்கும் நிலை: ‘ஐ ஃபீல் டயர்டு’. தமிழ்ப் பேச்சில் ‘ரொம்ப ஃபீல் பண்றான்’ என்றால் வருத்தப்படுகிறான் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஃபீலிங்’ என்று நிறுத்தினால் வாக்கியம் முடியாது. எப்படி உணர்கிறீர்கள் என்று பின்னால் ஒரு சொல் வர வேண்டும்.

‘கெட்’ நிலை மாறுவதைச் சொல்லும். ‘ஐ காட் போர்டு’ என்றால் போரடித்துவிட்டது. முதலில் நன்றாக இருந்தது, பிறகு சலித்தது என்ற ஓட்டம் அதில் இருக்கிறது. தமிழில் நாம் ‘விட்டது’, ‘போய்விட்டேன்’ என்று முடிக்கும் இடங்களில் ‘கெட்’ நன்றாகப் பொருந்தும்.

‘லுக்’ பார்ப்பவருக்குத் தெரிவதைச் சொல்லும். ‘யூ லுக் வொரிடு’ என்றால் கவலையாக இருப்பதுபோல் தெரிகிறீர்கள்.

‘ஃபைன்ட்’ எனக்கு மிகவும் பிடித்தது. ‘எனக்கு இந்தப் பாடம் குழப்பமா இருக்கு’ என்ற தமிழ் வாக்கியத்தில் ஆளும் இருக்கிறார், காரணமும் இருக்கிறது. மூன்றாம் படியில் அவற்றில் ஒன்றைத்தான் எழுவாயாக உட்காரவைக்க முடிந்தது. ‘ஐ ஃபைன்ட் திஸ் லெசன் கன்ஃப்யூஸிங்’ என்றால் இருவருக்கும் இடம் கிடைக்கிறது. இங்கே வாக்கியம் ‘ஐ’ என்று தொடங்கினாலும் பெயரடை பாடத்தைப் பற்றியது, ஆகவே ‘இங்’. ‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்களுக்கு இதைவிட நெருக்கமான ஆங்கில அமைப்பு கிடையாது என்பது என் எண்ணம்.

8. பின்னால் வரும் சிறு சொல்

‘ஈடி’ வடிவத்துக்குப் பின் காரணத்தைச் சொல்ல ஒரு சிறு சொல் வேண்டும். இவற்றுக்குப் பொதுவிதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெயரடையோடு ஒட்டவைத்து ஒரே சொல்போல் மனதில் ஏற்றுங்கள்.

‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘எக்ஸைட்டட் அபவுட்’, ‘வொரிடு அபவுட்’, ‘சாட்டிஸ்ஃபைடு வித்’, ‘போர்டு வித்’, ‘கன்ஃப்யூஸ்டு அபவுட்’. ‘சர்ப்ரைஸ்டு’, ‘ஷாக்ட்’, ‘அமேஸ்டு’ மூன்றோடும் ‘அட்’ வரும், ‘பை’யும் வரும்.

‘டயர்டு’ என்பதில் கவனம் வேண்டும். ‘டயர்டு ஆஃப்’ என்றால் அலுத்துப்போயிற்று, ‘டயர்டு ஃப்ரம்’ என்றால் உடல் களைத்தது. ‘ஐ ஆம் டயர்டு ஆஃப் மை வொர்க்’ என்று மேலாளரிடம் சொன்னால் வேலையே வெறுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார். இன்று வேலை அதிகம், அசதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல நினைத்தவருக்கு இது பெரிய சங்கடம்.

‘இன்’, ‘அபவுட்’ போன்ற இந்தச் சிறு சொற்களுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ சேர்த்துச் சொல்லுங்கள்: ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங் டிசைன்’. புது வேலையில் சேரும்போது எழுத வேண்டியது ‘ஐ ஆம் எக்ஸைட்டட் டு ஜாயின்’, இங்கே ‘டு’வுக்குப் பின் ‘ஜாயின்’ அப்படியே நிற்கும். இந்த ஒரு வரியில் ‘எக்ஸைட்டிங்’ என்று எழுதி அனுப்பிய பல மின்னஞ்சல்களைப் பார்த்திருக்கிறேன். அனுப்பும் முன் ‘யாருக்கு உற்சாகம்?’ என்று கேட்டால் போதும்.

9. டென்ஷன், கன்ஃப்யூஷன், ஷாக்: தமிழில் குடியேறிய பெயர்ச்சொற்கள்

‘எனக்கு டென்ஷன்’, ‘ஒரே கன்ஃப்யூஷன்’, ‘ஷாக் ஆயிட்டேன்’, ‘இன்ட்ரஸ்ட் இல்லை’. இவை தமிழில் நன்றாக உட்கார்ந்துவிட்ட சொற்கள், தமிழ் பேசும்போது தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலம் பேசும்போது இவையே நம்மைக் கவிழ்க்கின்றன. ஆங்கிலச் சொல்தானே என்று அப்படியே தூக்கிப் போட்டு ‘ஐ ஆம் டென்ஷன்’, ‘ஐ ஆம் கன்ஃப்யூஷன்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘நான்தான் குழப்பம்’ என்பதுபோல் ஆகிவிடுகிறது.

உணர்ச்சியைச் சொல்ல ‘ஐ ஆம்’ என்று தொடங்கினால் பின்னால் பெயரடை வர வேண்டும். ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு.’ டென்ஷனுக்கு ‘ஐ ஆம் டென்ஸ்’ என்று சொல்லலாம், வழக்கத்தில் அதிகம் வருவது ‘ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ட்’. ‘ஷாக் ஆயிட்டேன்’ என்பதற்கு ‘ஐ வாஸ் ஷாக்ட்’. ‘ஐ காட் எ ஷாக்’ என்பதும் சரியான ஆங்கிலமே. ஆனால் மின்சாரம் தாக்கினாலும் அப்படித்தான் சொல்வார்கள், இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

ஆர்வமில்லை என்பதை இரண்டு வழியில் சொல்லலாம். ‘ஐ ஆம் நாட் இன்ட்ரஸ்டட்’ அல்லது ‘ஐ ஹேவ் நோ இன்ட்ரஸ்ட்’. ‘ஹேவ்’ வந்தால் பெயர்ச்சொல், ‘ஆம்’ வந்தால் பெயரடை. இரண்டையும் கலந்து ‘ஐ ஆம் நாட் இன்ட்ரஸ்ட்’ என்பது எந்தப் பக்கமும் சேராது.

10. சோடி மாறியவை

சில சொற்களில் உணர்பவருக்கு ‘ஈடி’ இருக்கும், காரணத்துக்கு வழக்கமாக வேறு வால் இருக்கும். பயத்துக்கு ‘ஸ்கேர்டு’, பயமுறுத்துவதற்கு ‘ஸ்கேரி’. மன அழுத்தத்துக்கு ‘ஸ்ட்ரெஸ்ட்’, அதைத் தரும் வேலைக்கு ‘ஸ்ட்ரெஸ்ஃபுல்’. மனம் கவரப்பட்டவர் ‘இம்ப்ரெஸ்ட்’, கவர்ந்தது ‘இம்ப்ரெஸிவ்’. மகிழ்ந்தவர் ‘டிலைட்டட்’, மகிழவைத்தது ‘டிலைட்ஃபுல்’.

‘அப்செட்’ என்ற சொல்லுக்கு ‘ஈடி’யே கிடையாது. ‘ஷி இஸ் அப்செட்’, ‘த நியூஸ் இஸ் அப்செட்டிங்’. ‘அஃப்ரெய்டு’ கேட்பதற்கு ‘ஈடி’ போல இருந்தாலும் அதற்கு ‘இங்’ சோடி இல்லை, உணர்பவருக்கு மட்டும் வரும். ‘த டாக் இஸ் அஃப்ரெய்டு’ என்றால் நாய்தான் பயந்து நிற்கிறது.

11. வாலை விழுங்காமல் உச்சரிக்க

எழுதும்போது சரியாக எழுதுபவர் பேசும்போது ‘ஐ ஆம் போர்’ என்று நிறுத்திவிடுவார். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் கடைசி ட் ஒலியை நாம் விழுங்கிவிடுகிறோம், அல்லது ஓர் உகரம் சேர்த்து இழுக்கிறோம். இழுப்பது பரவாயில்லை, விழுங்கினால் பொருள் போய்விடும்.

மூன்று ஒலிகள் உண்டு. வினை ட் அல்லது ட-வின் மெலிந்த ஒலியில் முடிந்தால் தனி அசையாக ‘டட்’ என்று சொல்ல வேண்டும்: எக்ஸைட்டட், இன்ட்ரஸ்டட், இரிட்டேட்டட், டிஸப்பாயின்ட்டட். க், ஷ், அழுத்தமான ஸ் போன்ற ஒலிகளில் முடிந்தால் வெட்டினாற்போல் ‘ட்’: ஷாக்ட், ஸ்ட்ரெஸ்ட், எம்பேரஸ்ட், ரிலாக்ஸ்ட். மற்றவற்றில் மென்மையான ‘டு’: போர்டு, டயர்டு, அமேஸ்டு, வொரிடு. இந்த மூன்றாவதில் உகரத்தை முழுதாக ஒலிக்காமல் நாக்கைத் தொட்டு நிறுத்துங்கள். ‘ஷாக்கெட்’, ‘போரெட்’ என்று அசை கூட்டிச் சொல்வது புதியவர்களிடம் அடிக்கடி கேட்கும் பிழை.

அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் வால் எளிதாக வெளியே வரும். ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘வொரிடு அபவுட்’ என்று ஒட்டிச் சொல்லிப் பழகினால் விழுங்கும் பழக்கம் சீக்கிரம் போகும். எட்டாம் படியில் ஒரே சொல்போல் ஏற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

12. பயிற்சி: ஒரு நிகழ்ச்சி, இரண்டு வாக்கியம்

கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி இதற்கு அவ்வளவாக உதவாது. அங்கே எழுவாய் கண் முன் இருக்கிறது. பேசும்போது எழுவாயை நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, சிக்கலே அதில்தான். ஆகவே அன்று நடந்த ஒன்றை எடுத்து, ஆளை வைத்து ஒரு வாக்கியம், காரணத்தை வைத்து ஒரு வாக்கியம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்து நிகழ்ச்சி, இரண்டு வாரம்.

வகுப்பில் நான் கொடுக்கும் ஒரு பத்தி இது. முதலில் நீங்களே முயன்று பாருங்கள்.

நேற்று சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் வந்தேன். ரயில் மூன்று மணி நேரம் தாமதம், எரிச்சலா இருந்தது. அறிவிப்பு குழப்பமா இருந்தது. பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு போரடித்துவிட்டது. ஜன்னல் வழியே தெரிந்த காவிரி அசத்தலா இருந்தது. வீட்டுக்கு வந்தபோது அம்மா கவலையா இருந்தாங்க.

இனி விடைகள். தாமதத்தை எழுவாயாக வைத்தால் ‘த டிலே வாஸ் இரிட்டேட்டிங்’, என்னை வைத்தால் ‘ஐ வாஸ் இரிட்டேட்டட்’. அறிவிப்பு: ‘தி அனவுன்ஸ்மென்ட் வாஸ் கன்ஃப்யூஸிங்’. குழந்தைக்கு ‘க்கு’ இருக்கிறது, ‘விட்டது’ என்று நிலை மாறியும் இருக்கிறது, ஆகவே ‘த சைல்டு காட் போர்டு’. காவிரி: ‘த ரிவர் வாஸ் அமேஸிங்’.

கடைசி வாக்கியத்தில் பாதிப் பேர் தவறுவார்கள். ‘அம்மா கவலையா இருந்தாங்க’ என்பதில் ‘க்கு’ இல்லை. அதனால் ‘வொரியிங்’ என்று போட்டுவிடுவார்கள். கவலை அம்மாவின் உள்ளே இருக்கிறது, அவர் நமக்கு அதை ஊட்டவில்லை. ‘கவலையடைந்த’ பொருந்துகிறது. எனவே ‘அம்மா வாஸ் வொரிடு’. ‘க்கு’ கிடைக்காத இடத்தில் ஊட்டும், அடைந்த என்ற இரண்டாவது சோதனைக்குப் போக வேண்டும் என்று மூன்றாம் படியில் சொன்னது இதற்காகத்தான்.

இவ்வளவு பழகிய பிறகும் நேர்முகத் தேர்வில் பதற்றத்தில் ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’ என்று வாயில் வந்துவிடலாம். வந்தால் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வேண்டாம், வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். ‘ஐ மீன், இன்ட்ரஸ்டட்’ என்று அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ‘இன் திஸ் ரோல்’ என்று தொடர்ந்து போய்விடுங்கள்.